புல்லட் 350 பாயிண்ட் மாடல்: கிக்கர் திருப்பி அடிக்குது, டைமிங் நாமளே வைக்க முடியுமா?

டப்டப்350

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கிட்ட இருக்கறது பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350, பேட்டரி காயில், பாயிண்ட் செட்டு (காயில் கரண்ட்ட துண்டிச்சு ஸ்பார்க் வர வைக்கற சின்ன சுவிட்ச்), 12 வோல்ட். எஞ்சின் வேலை முடிஞ்சு வந்ததுல இருந்து ரெண்டு தொந்தரவு. ஒண்ணு, கிக்கர் அப்பப்ப திருப்பி அடிக்குது, லேசா இல்ல, முழங்கால் வரைக்கும் ஜிவ்வுனு ஏறுது. இன்னொண்ணு, மேட்டுல டாப் கியர்லயே இழுக்க வச்சா எஞ்சினுக்குள்ள கோலிக்குண்டு போட்டு குலுக்கற மாதிரி ஒரு சத்தம், த்ராட்டில குறைச்சா போயிடுது. வேலை பாத்தவர் வண்டிய ஓட விட்டு பாயிண்ட் பிளேட்ட லூஸ் பண்ணி அப்படி இப்படி திருப்பி, சத்தம் நல்லா கேட்ட இடத்துல டைட் வச்சாரு, கேஜ் எதுவும் வைக்கல. இனிமே டைமிங் வைக்கறத, அதாவது ஸ்பார்க் எப்ப அடிக்கணும்னு வைக்கறத, நானே கத்துக்கலாம்னு இறங்கிட்டேன்.

மேனுவல்ல 0.8 மிமீ டிடிசிக்கு (பிஸ்டன் உச்சில நிக்கற இடம்) முன்னாடி, ஃபுல்லி ரிட்டார்டட், அவ்வளவு தான் போட்டிருக்கு. இந்த 0.8ஐ எங்க எப்படி அளக்கறது, பிளக் ஓட்டையே சாய்வா இருக்கே, கம்பி விட்டா சரியா காட்டுமா? ஃபுல்லி ரிட்டார்டட்னா என்ன, நம்ம வண்டில ஹேண்டில்பார்ல அட்வான்ஸ் லிவர் எதுவும் கிடையாதே? அப்புறம் பாயிண்ட் திறக்கற அந்த நொடிய எப்படி கண்டுபிடிக்கறது, கண்ணால பாத்தா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. பாயிண்ட் புதுசு, இப்ப ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசு தகடு) விட்டு பாத்தேன், கேப் 0.5 மிமீ இருக்கு.

பழைய_இரும்பு

தம்பி, பதில் உங்க கடைசி வரியிலயே இருக்கு. பாயிண்ட் கேப் 0.35ல இருந்து 0.40 மிமீக்குள்ள இருக்கணும். 0.5 இருந்தா பாயிண்ட் அதோட நேரத்துக்கு முன்னாடியே திறந்துடும், அதாவது அட்வான்ஸ். கேப் கூடினா டைமிங் முன்னாடி போகும், கேப் குறைஞ்சா பின்னாடி போகும், அது ரிட்டார்ட், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கட்டிப் போட்டது. அதுக்கு மேல, பாயிண்ட்ட திறக்கற கேம் இருக்கற டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் கிராங்க் சுத்தறதுல பாதி வேகத்துல தான் சுத்துது, அங்க ஒரு டிகிரி தப்புன்னா கிராங்க்ல ரெண்டு டிகிரி தப்பு. கிக்கர் அடிக்கறதும் மேட்டுல அந்த கோலிக்குண்டு சத்தம் (நாக்கிங்) வர்றதும் அட்வான்ஸ் ஓவரா இருக்கற வண்டி பண்ற வேலை தான். அதனால எப்பவும் முதல்ல கேப், அப்புறம் டைமிங். டைமிங் வச்சு முடிச்சுட்டு கேப்ப தொட்டீங்கன்னா திரும்ப முதல்ல இருந்து வரணும்.

செய்முறை சொல்றேன். பெட்ரோல் டேப்ப மூடுங்க, பிளக்க கழட்டுங்க. அப்புறம் டேப்பட் மூடிய திறந்து வச்சுக்கோங்க, வால்வ தள்ளற புஷ் ராடு கைக்கு எட்டும். சென்டர் ஸ்டாண்டு போட்டு டாப் கியர்ல பின் சக்கரத்த கையால முன்னாடி சுத்தினா எஞ்சின் மெதுவா நம்ம சொன்னபடி சுத்தும், கிக்கர மிதிச்சு இந்த வேலை ஆகாது. பாயிண்ட் நல்லா விரிஞ்சு நிக்கற இடத்துல நிறுத்தி கேப் வைங்க. ஃபீலர் கேஜ்ல ஆயில் இருக்கும், பாயிண்ட் மூஞ்சில அது ஒட்டினா கருகும், துடைச்சுட்டு விடுங்க. பழைய பாயிண்டா இருந்தா ஒரு பக்கம் குழி ஒரு பக்கம் மேடு விழுந்திருக்கும், கேஜ் மேடு மேல உக்காந்து பொய் சொல்லும், உங்களது புதுசு அதனால அந்த கவலை இல்ல.

அடுத்தது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். பிளக் ஓட்டைல கட்டைவிரல வச்சு சக்கரத்த சுத்துங்க, காத்து புஸ்ஸுனு தள்ளும்போது பிஸ்டன் மேல வருது. மேல வந்ததும் ரெண்டு புஷ் ராடும் விரலால உருட்டினா சுலபமா உருளணும். இறுகி நின்னா அது எக்ஸாஸ்ட் முடியற டிடிசி, இன்னொரு முழு சுத்து சுத்தணும். இத விட்டுட்டு தப்பான டிடிசில டைமிங் வச்சா வண்டி ஸ்டார்ட் ஆகாது, கார்ப்லயும் சைலன்சர்லயும் வெடி மட்டும் போடும்.

சாய்வு ஓட்டை பத்தி கேட்டீங்க. கம்பி சாய்வா நின்னா பிஸ்டன் இறங்கறதை விட கம்பி கொஞ்சம் அதிகமா நகரும். 30 டிகிரி சாய்வுன்னு வச்சுக்கோங்க, பிஸ்டன் 0.8 இறங்கினா கம்பி 0.92 நகரும். இது கிராங்க் கணக்குல ஒரு டிகிரி கூட வராது, அதுக்கு தூக்கத்த கெடுத்துக்க வேணாம். அத விட பெரிய ஆபத்து, கம்பிய உள்ள விட்டுட்டு சக்கரத்த வேகமா சுத்தி, கம்பி பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல மாட்டி மடங்கறது. அப்படி ஆனா ஹெட்ட கழட்ட வேண்டியது தான். அதனால நல்லா நீளமான, முனை மழுங்கின கம்பி, ஒரு கை எப்பவும் அது மேல. பழைய பிளக்க உடைச்சு உள்ள பீங்கான எடுத்துட்டு அந்த உடம்புக்குள்ள கம்பிய ஓட விட்டா ஆடாம நிக்கும், டயல் கேஜ் (முள் வச்சு மிமீ காட்டற அளவு மீட்டர்) இருந்தா அது மேலயே மாட்டிக்கலாம். டயல் கேஜ் தான் நான் சொல்ற வழி.

உச்சில முள் நின்னு திரும்பற இடத்துல ஜீரோ வைங்க. இப்ப சக்கரத்த பின்னாடி சுத்தி மூணு நாலு மிமீ கீழ இறக்குங்க, அங்கிருந்து முன்னாடி சுத்தி 0.8 வரைக்கும் கொண்டு வாங்க. உச்சில இருந்து நேரா பின்னாடி 0.8 வந்து நிறுத்தினா டைமிங் கியர் பல்லுல இருக்கற ஆட்டம் எதிர்பக்கம் உக்காந்திருக்கும், வண்டி ஓடும்போது அது வேற பக்கம். கொஞ்சம் தாண்டிட்டீங்கன்னா சோம்பேறித்தனம் பண்ணாம திரும்ப கீழ போயிட்டு வாங்க. அந்த 0.8ல பாயிண்ட் அப்பதான் பிரியணும், பிளேட்ட திருப்பி அந்த இடத்த புடிச்சு ரெண்டு ஸ்க்ரூவையும் டைட் வைங்க. எந்தப் பக்கம் திருப்பறதுன்னு குழப்பம் வந்தா, கேம் சுத்தற திசைக்கு எதிரா பிளேட்ட திருப்பினா அட்வான்ஸ், அதே திசைல திருப்பினா ரிட்டார்ட்.

ஃபுல்லி ரிட்டார்டட்னா, பாயிண்ட் பிளேட்டுக்கு கீழ ரெண்டு வெயிட்டும் ரெண்டு ஸ்பிரிங்கும் இருக்கே, அந்த ஆட்டோ அட்வான்ஸ் யூனிட்டு மூடின நிலைல இருக்கணும்னு அர்த்தம். எஞ்சின் நிக்கும்போது ஸ்பிரிங் தானா இழுத்து அப்படித்தான் வச்சிருக்கும், வச்சிருக்கணும்.

ஆம்ப்மீட்டர்_கண்ணு

அண்ணன் சொன்னது எல்லாம் சரி, பாயிண்ட் திறக்கற இடம் மட்டும் நான் சொல்றேன், அதுக்கு புல்லட்ல காசு செலவே கிடையாது, ஹெட்லைட்டுக்கு மேல ஆம்ப் மீட்டர் வச்சே குடுத்திருக்கான். லைட் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு சாவிய போடுங்க. பாயிண்ட் மூடியிருந்தா காயிலுக்கு கரண்ட் போகும், முள் மைனஸ் பக்கம் மூணு நாலு ஆம்பியர் கிட்ட சாயும். பாயிண்ட் திறந்த அடுத்த நொடி முள் டக்குனு நடுவுக்கு வந்துடும். சக்கரத்த மெதுவா தள்ளிட்டே முள்ள பாருங்க, எங்க நடுவுக்கு வருதோ அங்க தான் ஸ்பார்க். ஸ்டார்ட் பண்ணும்போதும் முள் நடுவுக்கு வந்ததும் எஞ்சின் அழுத்தத்த வெளிய விடற டிகம்ப்ரஷன் லிவர புடிச்சு கொஞ்சம் தாண்டி விட்டு மிதிக்கறோமே, அதே முள் தான்.

ரெண்டு எச்சரிக்கை. பாயிண்ட் மூடின நிலைல சாவிய ரொம்ப நேரம் போட்டு வைக்காதீங்க, காயில் சூடாகும். கழட்டின பிளக்க கேப்போட ஹெட் மேலயோ ஃபின் மேலயோ எர்த் ஆகற மாதிரி படுக்க வைங்க, ஆனா பிளக் ஓட்டைக்கு பக்கத்துல வேணாம், முள் விழும்போது எல்லாம் அங்க ஸ்பார்க் அடிக்கும், ஓட்டைல பெட்ரோல் ஆவி நிக்கும்.

மேக்னெட்டோ_மாமா

ஆம்ப் மீட்டர் முள்ளு பழசான வண்டில சோம்பேறியா இருக்கும், ஒட்டிக்கும், நான் அத நம்பமாட்டேன். சின்ன 12 வோல்ட் பல்பு ஒண்ணு எடுத்து ஒரு வயர பாயிண்ட் வயர் மாட்டற ஸ்க்ரூல, இன்னொண்ண எஞ்சின் பாடில குடுங்க. பாயிண்ட் மூடியிருந்தா பல்பு எரியாது, திறந்ததும் எரியும், பளிச்சுனு தெரியும். சின்ன பல்பா இருக்கணும், இண்டிகேட்டர் பல்பு மாட்டினா காயில் வழியா வர்ற கரண்ட்டுக்கு மங்கலா எரிஞ்சு குழப்பும். முடிஞ்சதும் பல்ப கழட்ட மறக்காதீங்க.

சிகரெட் தாள் வச்சு இழுக்கற முறை ஒண்ணு இருக்கு, எங்க காலத்துல அது தான் எல்லாம். அதுல சிக்கல், தாளோட தடிமன் அளவுக்கு பாயிண்ட் திறந்த அப்புறம் தான் தாள் விடும், கூடவே நார் ஒண்ணு பாயிண்ட் நடுவுல தங்கிட்டா ஸ்பார்க்கே வராது, அப்புறம் காயிலையும் கண்டென்சரையும் மாத்தி மாத்தி பாத்துட்டு உக்காந்திருக்கணும். ஆனா மேக்னெட்டோ (பேட்டரி இல்லாம தானே ஸ்பார்க் கரண்ட் உண்டாக்கற யூனிட்) வண்டிக்கு தாள் தான் கைகுடுக்கும், ஏன்னா அங்க பாயிண்ட்டோட சேந்தே கம்மி ரெசிஸ்டன்ஸ் காயில் சுத்து இருக்கும், பாயிண்ட் மூடினாலும் திறந்தாலும் சாதா மீட்டருக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரியே தெரியும்.

இத படிக்கற மத்தவங்களுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். ஹேண்டில்பார் லிவர் வச்ச பழைய பிரிட்டிஷ் சிங்கிள்ல மேனுவல் நம்பர் பெரும்பாலும் ஃபுல் அட்வான்ஸ்ல குடுத்திருப்பாங்க, லிவர முழு அட்வான்ஸ்ல வச்சு அளக்கணும், அதனால தான் அங்க நம்பர் பெருசா தெரியும். புல்லட்டோட 0.8 கிராங்க்ல ஒன்பது பத்து டிகிரி தான், அது ரிட்டார்ட் நிலைக்கான கணக்கு, ஓடும்போது மிச்சத்த வெயிட்டு போட்டுக்கும். ஒண்ணோட நம்பர இன்னொண்ணுல வச்சீங்கன்னா, ஒண்ணு கால் உடையும், இல்ல சைலன்சர் பைப் சிவக்கும்.

டிகிரி_டிஸ்க்

டயல் கேஜ் இல்லாதவங்க டிகிரி டிஸ்க் (கிராங்க்ல மாட்டற, டிகிரி போட்ட வட்டத் தகடு) வச்சும் பண்ணலாம், ஆனா அதுல டிடிசி கண்டுபிடிக்கறது தான் வேலை. உச்சிக்கு பக்கத்துல பிஸ்டன் நகரவே நகராது, 90 மிமீ ஸ்ட்ரோக் வண்டில உச்சில இருந்து மூணு டிகிரி தள்ளினாலும் பிஸ்டன் 0.1 மிமீ கூட இறங்காது, கம்பி உச்சில நிக்கறத கண்ணால பாத்து அங்க ஜீரோ வச்சா மூணு டிகிரி அங்க இங்க சுலபமா போயிடும். அதனால பிளக் ஓட்டைல ஒரு ஸ்டாப்பர் மாட்டி, முன்னாடி சுத்தி பிஸ்டன் மெதுவா தட்டற இடத்துல டிஸ்க்க படிச்சு, பின்னாடி சுத்தி தட்டற இடத்தயும் படிச்சு, ரெண்டுக்கும் நடுப்புள்ளி எதுவோ அது தான் நிஜ டிடிசி. ஆழத்த மிமீல அளக்கறவங்களுக்கு இந்த தலைவலி இல்ல, உச்சி எவ்வளவு உயரம்னு தெரிஞ்சா போதும், எந்த டிகிரில உச்சின்னு தெரிய வேண்டியதில்ல. எனக்கே டிஸ்க் தான் புடிக்கும், இருந்தாலும் ரிட்டார்ட் நிலைல 0.8 வைக்கறதுக்கு பழைய_இரும்பு அண்ணன் வழி தான் சுளுவு.

டப்டப்350

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டயல் கேஜ் ஒருத்தர்கிட்ட வாங்கி, பல்பு மாட்டி பண்ணினேன். எதையும் தொடறதுக்கு முன்னாடி இருந்த நிலைமைய அளந்து பாத்தேன், 2 மிமீக்கும் மேல இருக்கும்போதே பல்பு எரிஞ்சிடுச்சு. கேப்ப மட்டும் 0.38க்கு கொண்டு வந்து திரும்ப அளந்தா பாதி தூரம் தானா குறைஞ்சிருந்தது, மிச்சத்த பிளேட்ட திருப்பி 0.8ல நிறுத்தினேன். பிளேட்ட எவ்வளவு திருப்பினேன்னு கேட்டா ஸ்க்ரூ தடம் மாறினது கூட சரியா தெரியல, அவ்வளவு கொஞ்சம்.

காலைல எஞ்சின் சில்லுனு இருக்கும்போது கிக்கர் அடிக்கறது சுத்தமா நின்னுடுச்சு. மேட்டுல அந்த சத்தமும் இல்ல. ஆனா நல்லா ஓட்டிட்டு வந்து நிறுத்தி உடனே மிதிச்சா எப்பவாச்சும் திருப்பி அடிக்குது. கூடவே த்ராட்டில மூடினா ஸ்லோ (த்ராட்டில் குடுக்காம எஞ்சின் ஓடற வேகம்) சட்டுனு இறங்க மாட்டேங்குது, கொஞ்ச நேரம் உயரமாவே நின்னுட்டு அப்புறமா தான் டப் டப்புனு வருது. கார்புரேட்டர நோண்டவா?

பழைய_இரும்பு

கார்ப தொடாதீங்க, அதுக்கு முன்னாடி வெயிட்ட பாருங்க. ஓடும்போது வெயிட் விரிஞ்சு அட்வான்ஸ் குடுக்குது, நிறுத்தினா ஸ்பிரிங் இழுத்து மூடணும். பழைய கிரீஸ் காஞ்சு பிசினா நின்னாலோ, ஸ்பிரிங் நீண்டு போயிருந்தாலோ, வெயிட் பாதில நின்னுடும். அப்ப எஞ்சின் ஸ்லோவுக்கு வந்தும் டைமிங் அட்வான்ஸ்லயே நிக்கும், அதனால ஸ்லோ உயரம், அதே நிலைல நிறுத்திட்டு மிதிச்சா கிக்கர் அடி. நீங்க சொல்ற ரெண்டும் இதுல பொருந்துது.

சோதிக்கறது சுலபம். ஸ்லோ உயரமா நிக்கும்போதே சாவிய ஆஃப் பண்ணி பாயிண்ட் மூடிய கழட்டுங்க. கேம விரலால அது சுத்தற திசைல திருப்புங்க, கொஞ்சம் போகும், விட்டா டக்குனு சொந்த பலத்துல திரும்பி வரணும். திரும்பாம அங்கயே நின்னாலோ, நீங்க கையால பின்னாடி தள்ளும்போது கொஞ்சம் நகந்து உக்காந்தாலோ அது தான் வியாதி. டக்குனு நல்லா திரும்பிடுச்சுன்னா அப்ப கார்புக்கும் ஹெட்டுக்கும் நடுவுல காத்து இழுக்குதான்னு பாருங்க, ஸ்லோ இறங்காததுக்கு அதுவும் ஒரு காரணம், ஆனா காத்து இழுத்தா கிக்கர் இப்படி அடிக்காது.

யூனிட்ட கழட்டி பெட்ரோல்ல கழுவி, வெயிட் உக்கார்ற பின்ல ஒரு சொட்டு மெல்லிசு ஆயில், கேம் மேல பாயிண்ட்டோட ஹீல் உரசற இடத்துல ஊசிமுனை அளவு கிரீஸ், அவ்வளவு போதும். ஆயில அள்ளி விட்டா சுத்தும்போது தெறிச்சு பாயிண்ட் மூஞ்சிக்கு வந்துடும். ஸ்பிரிங் ரெண்டும் ஒரே நீளம் இருக்கான்னு பாருங்க, ஒண்ணு மட்டும் மாத்தறது வேணாம், ஜோடியா மாத்துங்க. யூனிட்ட கழட்டி மாட்டினா டைமிங் போச்சு, திரும்ப 0.8 வைக்கணும், மேனுவல்ல ஃபுல்லி ரிட்டார்டட்னு போட்ட அந்த வார்த்தைக்கு மதிப்பே இங்க தான். வெயிட் பாதில மாட்டின நிலைல 0.8 வச்சுட்டீங்கன்னா, மேல விரிய இடம் கொஞ்சம் தான் மிச்சம் இருக்கும், வண்டி வேகத்துல மந்தமா இழுக்கும்.

டப்டப்350

அண்ணே, கேம் பாதிலயே நின்னுடுச்சு, தள்ளினா தான் போகுது. கழட்டி பாத்தா ஒரு வெயிட் பின்ல துரு. கழுவி மாட்டி டைமிங் திரும்ப வச்சாச்சு, ஸ்லோ இப்ப உடனே இறங்குது. இன்னொரு கேள்வி மட்டும், டைமிங் லைட் (ஸ்பார்க் அடிக்கற நொடில மின்னற லைட்) வாங்கினா ஓட்டத்துலயே செக் பண்ணலாமா? மூடிய கழட்டி கேம் மேல லைட் அடிச்சா தெரியுமா?

டிகிரி_டிஸ்க்

கேம் மேல அடிச்சு பிரயோஜனம் இல்ல. பாயிண்ட்ட திறக்கறதே அந்த கேம் தான், லைட் எரியறது பாயிண்ட் திறக்கும்போது, அதனால டைமிங் எவ்வளவு தப்பா இருந்தாலும் கேம் எப்பவும் பிளேட்டுக்கு ஒரே இடத்துல நிக்கற மாதிரி தான் தெரியும். குறி கிராங்க் மேல இருக்கணும், நம்ம வண்டில அது ஆல்டர்னேட்டர் ரோட்டர் பக்கம். பிரைமரி கவர கழட்டினா ஆயில் வெளிய வந்துடும், பழைய கவர் ஒண்ணுல ஜன்னல் வெட்டி அதுக்குன்னே வச்சுக்கறவங்க உண்டு. 0.8ல ரோட்டர்ல ஒரு வெள்ளை கோடு, அதுக்கு நேரா ஸ்டேட்டர்ல ஒரு கோடு போட்டுக்கிட்டு லைட் அடிங்க. தாழ்ந்த ஸ்லோல ரெண்டு கோடும் கிட்டத்தட்ட நேரா நிக்கணும், ஆக்சிலரேட்டர் குடுக்க குடுக்க ரோட்டர் கோடு ஒழுங்கா நகந்து ஒரு இடத்துல நின்னுடணும், விட்டா திரும்பணும். கோடு ஒரே வேகத்துல ரெண்டா மூணா அலைஞ்சா டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் புஷ் (ஷாஃப்ட்ட தாங்கற வளையம்) தேஞ்சிருக்கு, ஷாஃப்ட் பக்கவாட்டுல ஆடும்போது பாயிண்ட் கேப்பே ஒவ்வொரு சுத்துக்கும் மாறும், அந்த வண்டில எத்தன தடவ டைமிங் வச்சாலும் நிக்காது. லைட் இல்லாமலே மூடிய கழட்டி ஷாஃப்ட்ட பக்கவாட்டுல ஆட்டி பாத்தா ஓரளவு தெரியும், பாயிண்ட் கேப் கண்ணுக்கு தெரிய மாறுதுன்னா புஷ் மாத்திட்டு அப்புறம் லைட் வாங்கறத பத்தி யோசிங்க.

மேக்னெட்டோ_மாமா

புது பாயிண்ட்ல ஹீல் ஆரம்பத்துல சீக்கிரம் தேயும் தம்பி, தேஞ்சா கேப் குறையும், டைமிங் தானா ரிட்டார்ட் பக்கம் நகரும். கொஞ்சம் ஓட்டினதும் ஒரு தடவ ஃபீலர் விட்டு பாத்துடுங்க, அப்பவும் கேப் முதல்ல, 0.8 அப்புறம்.